கயிறு தரையில் பட்டால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், என் நாத்தனாருக்கு வரவே வராது. ஒரு வீட்டில் இப்படி இரண்டு பெண்கள் இருந்தால் கோபப்படுகிற வேலை முழுவதும் ஒருத்தி தலையிலேயே விழுந்துவிடும். இத்தனை வருஷமும் அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையை அவர் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவார், அதில் தப்பு செய்தவர் என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அவருடைய புருஷன் வேலை தேடி வெளியூர் போனான். போன இடத்தில் வேலை கிடைத்ததோ இல்லையோ, இன்னொரு குடும்பம் கிடைத்துவிட்டது. அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். வந்த கையோடு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றுவரை அங்கேதான், மத்தியான ஷிப்ட். இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வருகிற படுக்கை விரிப்பை இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று, நுனியோடு நுனி சேர்த்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கை இரண்டும் சிவந்திருக்கும். காலை நேரம் மட்டும்தான் அவருடையது. அந்தக் காலையைத்தான் அவர் தெருவுக்குத் தூக்கிக் கொடுத்தார்.

எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் பாலர் பள்ளியோ பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். யாராவது வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் கிடக்க வேண்டும். முதலில் அண்ணி அடுத்த வீட்டு டிரைவரின் பிள்ளைகள் இரண்டைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக் கூட்டிப் போனார். அதைப் பார்த்து எதிர்வீடு கேட்டது, கோடிவீடு கேட்டது. யாருக்கும் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் கடவுள் கொடுத்த கை இரண்டுதானே.

ஒருநாள் சலவைப் பிரிவில் மூட்டை கட்டிப் பழசாகிப்போன பருத்திக் கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். நான் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் தைப்பேன். கயிற்றை என் மிஷின் மேல் வைத்துவிட்டு, "இதுல பிள்ளைங்க பிடிச்சுக்க வளையம் வச்சுத் தச்சுத் தாயேன்"  என்றார். 

"எனக்கென்ன வேற வேலை வெட்டி இல்லையா அண்ணி?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அன்று சாயங்காலமே உட்கார்ந்து தைத்தேன். மிச்சத் துணியை உருட்டி, உள்ளே பஞ்சு வைத்து, பிஞ்சுக் கைக்கு உறுத்தாத மாதிரி, ஆளுக்கொரு நிறத்தில் வளையம். ஒவ்வொன்றும் இரட்டைத் தையல். யானை இழுத்தாலும் பிரியாது.

அதிலிருந்து தினமும் காலையில் எங்கள் சந்தில் ஒரு ரயில் கிளம்பும். முன்னால் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அண்ணி. பின்னால் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து வாண்டுகள். பிள்ளைகள் அவரை 'இன்ஜின் அத்தை' என்றார்கள். கொஞ்ச நாளில் பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். 

கயிற்றுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். வளையத்தைப் பிடித்தால் விடக்கூடாது. கயிறு தரையில் பட்டால், எங்கே இருக்கிறோமோ அங்கேயே உட்கார வேண்டும். மறுபடி கயிறு எழுந்தால்தான் எழுந்திருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும், மிட்டாய் காட்டினாலும் சரி. இரண்டாவது சட்டம் ஒரு தெருநாயால் வந்தது. அது குரைத்த குரைப்பில் பிள்ளைகள் மூலைக்கொன்றாகச் சிதறி ஓடி, ஒன்று சாலைக்கே போய்விட்டது. அன்றிலிருந்து இதை ஒரு விளையாட்டு மாதிரி தினமும் பழக்கினார். நடந்துகொண்டே இருக்கும்போது இடுப்பிலிருந்து கயிற்றைத் தொப்பென்று நழுவ விடுவார், மொத்த ரயிலும் சிரித்துக்கொண்டே உட்காரும்.

"இதென்ன அண்ணி சர்க்கஸா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் லாரி ஒன்று ஹாரனும் அடிக்காமல் சந்துக்குள் பின்பக்கமாக வந்தது. நான் கத்துவதற்குள் அண்ணி கயிற்றை விட்டார். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே சுவரோரம் சப்பென்று உட்கார்ந்தன. ஒன்றுகூட மிரண்டு குறுக்கே ஓடவில்லை. லாரி அவர்களுக்கு முன்னால் இருந்த வெற்று இடத்தில் திரும்பிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அந்தச் சட்டத்தைக் கேலி செய்ததில்லை.

இந்த ரயிலில் கடைசிப் பெட்டி ஒரு பெண் குழந்தை. சரியாக நாலு வயசு. அதன் பட்டப்பெயர் பசை. எதையாவது பிடித்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு அழுத்தம். முதல் நாள் அம்மாவின் பையை விட மாட்டேன் என்று அதோடு பள்ளிக்கூடம் வரை போனது. பேச்சு அதிகம் கிடையாது. மூக்கு மட்டும் வருஷம் முழுக்க ஒழுகும், நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கையால் துடைத்துக்கொள்ளும். அதன் வளையம் சிவப்பு. அதன் அம்மா, சந்துக்கு எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவள்.

அந்தக் குடியிருப்புக்கும் எங்கள் சந்துக்கும் நடுவில், சாலை திரும்புகிற இடத்தில் ஒரு காலி மனை. நகராட்சிக்குச் சொந்தம். சொந்தம் என்று பேர்தானே தவிர, ஊரார் குப்பை முழுவதும் அங்கேதான். எங்கள் பக்கத்துக் குப்பையும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கத்துக் குப்பை நல்ல பையில் முடிச்சுப் போட்டு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகள் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்ட வேண்டும். ஒரு கையில் வளையம், ஒரு கையில் மூக்கு.

ரயிலில் 'ஏன் சார்' என்று ஒரு பொடியன் இருந்தான். எதற்கெடுத்தாலும் ஏன் என்பான். "இங்க ஏன் குப்பை?" என்று கேட்டான். 

"போடறாங்க" என்றார் அண்ணி. 

"ஏன் போடறாங்க?" 

அண்ணி குப்பைமேட்டைத் திரும்பிப் பார்த்து, "வா, போட வர்றவங்களையே பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

நானாக இருந்தால் துடைப்பத்தோடு போய் நின்றிருப்பேன். அண்ணி என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி, ரயிலைக் கொண்டுபோய் அந்தக் குப்பைமேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். யார் வந்தாலும் வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பையோடு ஒருவர் வருவார். பத்துப் பதினைந்து குரல் ஒன்றாகக் கிளம்பும்: "காலை வணக்கம், மாமா!" வந்தவர் பையைப் பார்ப்பார், பிள்ளைகளைப் பார்ப்பார், பதில் வணக்கம் சொல்வார். அப்புறம் சும்மா காற்று வாங்க வந்தவர் மாதிரி பையோடு திரும்பிப் போவார். அத்தனை பிஞ்சு முகத்துக்கு நேராகக் குப்பையை வீச யாருக்கும் கை வரவில்லை.

ஒருநாள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரே வந்தார். மைபோட்ட தலை, இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு கையிலும் பை. பிள்ளைகள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலை வணக்கம், தாத்தா!" என்று பாடிவிட்டன. மாமா என்று சொல்லியிருந்தால்கூட மனுஷன் மறந்திருப்பார். தாத்தா என்றதை அவர் மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

குப்பை விழுவது நின்றதும் இருந்த குப்பையை எடுத்தோம். கண்ணாடி, ஊசி, தகரம் எல்லாம் நாங்கள் பெரியவர்கள் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கடப்பாரை பிடித்தார், டிரைவர் எங்கிருந்தோ வண்டி கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு அண்ணி கொடுத்த வேலை கல் பொறுக்குவது. ஆளுக்கு ஒரு டப்பா. பொறுக்கிய கல்லை வரிசையாக அடுக்கி அவர்களே ஒரு பாதை போட்டார்கள். கோணல்மாணலான பாதை, ஆனால் பாதை. மனை ஓரமாக ஆளுக்கு ஒரு சூரியகாந்தி விதை ஊன்றி, பள்ளி விட்டு வரும்போது தினமும் டம்ளரால் தண்ணீர் ஊற்றினார்கள். ஏன் சார் மட்டும் விதையைத் தினமும் தோண்டிப் பார்த்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பப் புதைப்பான். அதுவும்கூட முளைத்தது.

இவ்வளவுக்கும் தெருவில் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? "பாவம், பிள்ளை இல்லாத குறை, இப்படித் தீத்துக்கிறா." இதை என் கடையில் நின்று, துணிக்கு அளவு கொடுத்துக்கொண்டே ஒருத்தி சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்பிள்ளை ஒருத்தன் இதைச் செய்தால் சமூக சேவை. ஒரு பெண்பிள்ளை செய்தால் குறையா? "உங்க பிள்ளையை நாளையிலேர்ந்து நீங்களே கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குத்தான் குறையே இல்லையே" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். அண்ணி காதில் விழுந்தபோது, "சொல்லிட்டுப் போறாங்க விடு" என்றார். அவர் விட்டார், நான் விடவில்லை.

மனை மனையாகத் தெரிய ஆரம்பித்ததும்தான் அது எல்லோர் கண்ணையும் உறுத்தியது. குப்பை கிடந்த வரைக்கும் திரும்பிப் பார்க்காத சங்கம், நகராட்சிக்குப் போய் இங்கே ஒரு பூங்கா வேண்டும் என்று கேட்டது. கிடைத்தது. வேலி வந்தது, பெஞ்சு வந்தது, இரும்புக் கேட் வந்தது, கேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வந்தது. 'பராமரிப்பு: குடியிருப்போர் சங்கம்' என்று பெரிய எழுத்தில் பலகை வந்தது. ஒருநாள் காலை ரயில் போய்ப் பார்த்தால் கேட் பூட்டியிருக்கிறது. சூரியகாந்தி எல்லாம் உள்ளே, நட்டவர்கள் எல்லாம் வெளியே.

அண்ணி செயலாளர் வீட்டுக்குப் போனார். நானும் விடாமல் கூடப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார். உள்ளே சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பசையின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திறப்பு விழா வரைக்கும் பூட்டுதாம்மா. அதுக்கப்புறம் சங்கத்து ஆளுங்க காலையில, சாயங்காலம் வாக்கிங் போவாங்க. சாவி என்கிட்டதான் இருக்கும்."

"பிள்ளைங்க எப்ப வரலாம் சார்?" என்றார் அண்ணி.

"சங்கத்து உறுப்பினர் வீட்டுப் பிள்ளைங்க எப்ப வேணும்னாலும் வரலாமே."

"எங்க சந்துப் பிள்ளைங்க?"

"அதுங்க வந்தா செடியெல்லாம் மிதிச்சிடும்மா. உங்களுக்கே தெரியும்."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அந்தச் செடியை நட்டதே அதுங்கதானே! நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையை அழுத்திவிட்டார். செயலாளர் எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி, "ஆனா திறப்பு விழாவுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுங்க. நகராட்சியிலேர்ந்து பெரிய அதிகாரி அம்மா வர்றாங்க. சின்னப் பிள்ளைங்க வரிசையா நின்னா போட்டோவுக்கு நல்லா இருக்கும். சுத்தமா டிரஸ் போட்டு விடுங்க" என்றார். 

போட்டோவுக்கு மட்டும் மிதிக்கலாம் போலிருக்கிறது!

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு கத்தித் தீர்த்தேன். "மானம் ரோஷம் இருந்தா ஒரு பிள்ளையும் போகக் கூடாது அண்ணி. காட்சிப் பொருளா அதுங்க?" அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் துணி மடிப்பதுதான். 

"பூ பூத்துதான்னு தினம் கேக்குதுங்க" என்றார். "ஒருவாட்டி உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டும்மா."

விழா நாள் வந்தது. பந்தல், மைக், நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். அண்ணி பிள்ளைகளைக் கூட்டி வந்து, கயிற்றைச் சுருட்டிக் கேட் கம்பத்து ஆணியில் மாட்டினார். உடனே செயலாளர், "நீங்க பின்னாடி போய் டீ கிளாஸ் பாத்துக்கங்கம்மா, பிள்ளைங்களை நாங்க பாத்துக்கறோம்" என்றார். வருகிறவர்களிடம் அண்ணியைக் காட்டி, "நம்ம ஆயாம்மா" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த நாற்காலி ஒன்றில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். யாராவது எழுந்திருக்கச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை.

அதிகாரி அம்மாவின் கார் தெருமுனைக்கு வந்தபிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது, ரிப்பன் வாங்கவில்லை. அத்தனை பெரிய சங்கம், பலகையில் பேர் போட மறக்கவில்லை, ரிப்பனை மறந்துவிட்டது. செயலாளர் அங்குமிங்கும் பார்த்தார். ஆணியில் கலர் கலராக வளையம் தொங்குகிற கயிறு கண்ணில் பட்டது. "இதுவே அழகா இருக்கே! கட்டுங்க" என்றார். இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்குமாக இழுத்துக் கட்டினார்கள். கயிற்றைப் பார்த்ததும் பிள்ளைகள் சும்மா இருக்குமா? யாரும் சொல்லாமலே வந்து, அதது தன் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ஆகா, அருமை" என்று போட்டோக்காரர் படம் எடுத்தார்.

ஒரு பையன் என்னிடம் ஓடி வந்து, "அக்கா, உங்க கடைக் கத்தரி ஒரு நிமிஷம் வேணுமாம்" என்றான். அவசரத்துக்கு நூல் வெட்டவோ என்னவோ என்று கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தையல்காரி கத்தரியைக் காகிதத்துக்குக்கூடத் தர மாட்டாள். அன்றைக்குத் தந்தேன். கூட்டத்தில் எக்கிப் பார்க்கும்போது அது தட்டில் ஏறி அதிகாரி அம்மாவின் கைக்குப் போய்விட்டது. "ஐயோ, வேணாம்!" என்று நான் கத்தியது கைதட்டலில் அமுங்கிப்போனது. 

நான் தைத்த கயிறு, நான் தீட்டி வைத்த கத்தரி. ஒரே வெட்டு. வெட்டு விழுந்தது நடுவிலும் இல்லை, கயிற்றோடு சிவப்பு வளையத்தைச் சேர்த்து. நல்லவேளை, அந்த நேரம் பசை மூக்கைத் துடைக்கக் கையை எடுத்திருந்தது. இல்லாவிட்டால் விரல் போயிருக்கும். அந்த அம்மாவின் மேல் தப்பில்லை. ரிப்பன் என்று சொல்லிக் கொடுத்ததை வெட்டினார். கொடுத்தவர்களுக்குக் கண் இல்லையா?

கயிறு இரண்டாகித் தரையில் விழுந்தது. மொத்தப் பிள்ளைகளும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டன.

கேட்டுக்கு நேர் முன்னால், வழியை அடைத்துக்கொண்டு, புதுச்சட்டையோடு மண்ணில். யாரும் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கயிறு தரையில் பட்டது, உட்கார்ந்தார்கள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "எழுந்திருங்க கண்ணுங்களா" என்றார் செயலாளர். ஒன்றும் அசையவில்லை. மிட்டாய் டப்பாவைத் திறந்து காட்டினார். பிள்ளைகள் மிட்டாயை ஆசையோடு பார்த்தன, உட்கார்ந்தே இருந்தன. அதிகாரி அம்மா ஒரு காலைத் தூக்கி எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. 

"என்ன இது, இதுங்களுக்குக் காது கேக்காதா?"

"கயிறு எழுந்தாதான் நாங்க எழுந்திருப்போம்" என்றான் ஏன் சார். "கயிறு ஏன் வெட்டினீங்க?"

பக்கத்திலிருந்த மைக் அதைத் தெரு முழுக்கச் சொன்னது. 

"அண்ணியைக் கூப்பிடுங்க" என்று நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். "நீங்க கிளாஸ் கழுவ அனுப்பினீங்களே, அவங்களைக் கூப்பிடுங்க!"

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். வெட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். புருஷன் ஓடிப்போன அன்றைக்குக்கூட அப்படி இல்லை என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். நானாக இருந்தால், 'பிள்ளைகளுக்கு வழி விடு, அதுவரைக்கும் எழுப்ப மாட்டேன்' என்று சட்டமாக நின்றிருப்பேன். அவர் பிள்ளைகளோடு பிள்ளையாக மண்ணில் உட்கார்ந்து, இரண்டு நுனியையும் எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். "வெயிலா இருக்கு, பயப்படாதீங்க, இதோ எழுந்துடலாம்" என்று பிள்ளைகளிடம்தான் சொன்னார். முடிச்சுப் போட்டதும் கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து மெல்லத் தூக்கினார். ரயில் எழுந்தது. 

பசை மட்டும் எழவில்லை. பிடிக்க அதற்கு வளையம் இல்லை. பிய்ந்துபோன சிவப்புத் துணியையும் வெளியே வந்த பஞ்சையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. உதடு துடித்தது, அழவில்லை.

செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. விழாவில் அதிகாரி அம்மா கையால் வாங்கிக்கொள்வதற்காகப் பூங்காச் சாவியை ஒரு பெரிய பித்தளை வளையத்தில் மாட்டித் தயாராகக் கையில் வைத்திருந்தார். அதே கையை நீட்டி, "எழுந்திரும்மா, போதும்" என்று குனிந்தார். பசை அவர் கையைப் பிடிக்கவில்லை. கண்ணுக்கு நேராக ஒரு வளையம் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்றது.

அவர் இழுத்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இழுத்தார், சிரிக்காமல் இழுத்தார். அது இரண்டு கையாலும் பிடித்தது. கூட்டத்திலிருந்து அதன் அம்மா பதறிப்போய், "விடுடி, சார் சாவிடி, விட்டுடுடி" என்று கெஞ்சினாள். அவளுக்கு வேலை போய்விடுமோ என்று பயம். 

"பிடிச்சா விடக் கூடாது" என்றது பசை. அன்று அது பேசியது அவ்வளவுதான்.

அதிகாரி அம்மாவுக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி, "சாவி பாப்பாகிட்டேயே இருக்கட்டும் சார். இது இவங்க பூங்காதானே? என்ன சொல்றீங்க?" என்று கேட்டு, மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. செயலாளர் மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். 

"ஆமாம் மேடம்" என்றார். விரல் தளர்ந்தது.

முன்னால் அண்ணி, பின்னால் ரயில், கடைசியில் சாவி வளையத்தோடு பசை. அவர்களே போட்ட கோணல் பாதை வழியாக உள்ளே போனார்கள். பூ பூத்திருந்தது. ஏன் சாரின் செடி மட்டும் சாய்ந்து நின்றது.

மறுநாள் செயலாளர் எங்கள் வாசலுக்கு வந்தார். சாவியைக் கேட்டார். அண்ணி உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "பாப்பாகிட்டதான் சார் கேக்கணும். விடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. நான்தான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு, வெட்டுப்பட்ட இடத்தில் அந்தப் பித்தளை வளையத்தையே வைத்து, சிவப்புத் துணி சுற்றி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். இப்போது தினமும் சாவி கயிற்றோடுதான் போகிறது. ரயில் போய்த்தான் கேட் திறக்கிறது. எல்லோரும் வருகிறார்கள், நடக்கிறார்கள். பசையின் அம்மாவுக்கு வேலையும் போகவில்லை. செயலாளரும் வருகிறார். "காலை வணக்கம், தாத்தா!" 

பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் அண்ணி பேர் இல்லை, பிள்ளைகள் பேரும் இல்லை.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம், "பாத்தீங்களா, கடைசியில நியாயம் ஜெயிச்சிடுச்சு" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. எது நியாயம்? கல் பொறுக்கினார்கள், பாதை போட்டார்கள், நட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். அதற்காக ஒருவரும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அண்ணி போய்க் கேட்டதற்கும் திறக்கவில்லை. அன்றைக்குத் தெருவே கூடி நின்ற இடத்தில், அத்தனை பெரியவர்கள் மத்தியில், ஒருவர்கூட வாயைத் திறந்து 'இது இந்தப் பிள்ளைகள் உண்டாக்கினது' என்று சொல்லவில்லை. ஒரு நாலு வயசுக் குழந்தையின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது எல்லாம். 

செயலாளர் சாவியைப் பிடித்து இழுத்தாரே, அப்போது அந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உதடுவரைக்கும் வந்துவிட்டது. எப்போதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை எடுத்துத் துடைக்கிற பிள்ளை, அன்றைக்குத் துடைக்கவில்லை.